தரைக்கு அடியில் ஒரு பரம்பரை வீடு

ஜூன் மாதத்து மாலைப் பொழுது. கடிகாரம் இரவு ஒன்பது மணியைக் காட்டுகிறது. நம் நாட்டில் என்றால் இஷாத் தொழுகை முடிந்து, பிள்ளைகள் பாயில் சரிந்து, தெரு அடங்கிப் போயிருக்கும். ஆனால் நீங்கள் இப்போது நிற்பது இங்கிலாந்தில். அங்கே கோடை காலத்துச் சூரியன் இப்போதுதான் மரங்களுக்குப் பின்னால் இறங்கத் தொடங்குகிறது.

லண்டன் பெடிங்டன் நிலையத்தில் ரயில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் ஒக்ஸ்போர்ட் நகரை அடையலாம். பழைமையான கல்லூரிகளையும் மணிக்கூண்டுகளையும் பார்த்து முடிந்ததும் அங்கு செல்வோர் பெரும்பாலும் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் திரும்பிவிட வேண்டாம். நகருக்கு வடமேற்கே சுமார் ஐந்து கிலோ மீற்றர் தூரத்தில், தேம்ஸ் நதி வளைந்து செல்லும் இடத்தில், குன்றொன்றின் மேல் ஒரு காடு இருக்கிறது. வைட்டம் காடு என்பது அதன் பெயர். 1940களில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்த இக்காட்டில் அன்று முதல் இன்று வரை பறவைகளும் விலங்குகளும் மரங்களும் ஓயாமல் ஆராயப்பட்டு வருகின்றன. உள்ளே நடப்பதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். அங்கு ஆய்வு செய்யும் ஒருவரின் துணையும் கிடைத்துவிட்டால் இன்னும் நல்லது.

குன்றின் சரிவில், மரமொன்றின் அடியில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். காற்று உங்கள் முகத்தில் வீச வேண்டும். முதுகுப் பக்கமிருந்து வீசினால் உங்கள் வாசனை முன்னால் போய்விடும். அத்தர் பூசிக்கொண்டு வந்திருந்தால் வந்த காரியம் நடக்காது. பேசக் கூடாது. இருமக் கூடாது. நுளம்பு கடித்தாலும் கையை ஓங்கக் கூடாது. இருபது அடி தள்ளி, மண்மேடு ஒன்றின் மேலே தெரியும் கரிய ஓட்டையையே பார்த்துக்கொண்டிருங்கள்.

அரை மணி நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு அந்த இருட்டுக்குள் ஒரு வெள்ளைக் கோடு அசையும். ஒரு மூக்கு வெளியே வந்து காற்றை முகரும், உள்ளே போகும், மறுபடியும் வரும். திருப்தி ஏற்பட்டால் முழு முகமும் வெளிப்படும். வெள்ளை முகத்தில், கண்களின் மேலாகக் காது வரை ஓடும் இரண்டு கறுப்புப் பட்டைகள். ஒரு தடவை பார்த்தால் மறக்க முடியாத முகம் அது.

அன்பின் வாசகர்களே, இந்த வீட்டுக்காரரைத்தான் உங்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறோம்.

யார் இவர்?

ஆங்கிலத்தில் இப்பிராணியைப் 'பட்ஜர்' என்பார்கள். தமிழில் 'வளைக்கரடி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரில் கரடி இருந்தாலும் இது கரடி இனமல்ல. நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் இலங்கையில் வளைக்கரடி இல்லை. அந்தக் குடும்பத்தில் நமக்குக் கிடைத்திருப்பது நீர்நாய் மட்டும்தான்.

வளர்ந்த வளைக்கரடி ஒன்று வாலை விட்டுப் பார்த்தால் ஏறத்தாழ முக்கால் மீற்றர் நீளமிருக்கும். எட்டு முதல் பன்னிரண்டு கிலோ கிராம் வரை எடையிருக்கும். குளிர் காலத்துக்கு முன்னர் கொழுப்புச் சேர்த்துக்கொண்டு இன்னும் கனக்கும். உடல் சாம்பல் நிறம். கால்கள் கறுப்பு, கட்டை. முன்னங்கால்கள் ஒவ்வொன்றிலும் ஐந்து நீண்ட நகங்கள். மண்வெட்டி, கடப்பாரை, கூடை என்று நாம் தனித்தனியே வைத்திருக்கும் ஆயுதங்களெல்லாம் அதற்கு அந்த நகங்கள்தாம். பார்வை அவ்வளவு கூர்மையில்லை. மோப்பம் அபாரம்.

உங்கள் வாப்பாவோ பாட்டனாரோ சவரத்துக்குப் பழைய பாணித் தூரிகை ஒன்றை வைத்திருந்தது நினைவிருக்கிறதா? உயர்ந்த ரகத் தூரிகைகள் வளைக்கரடி ரோமத்தால் செய்யப்பட்டவை. பிராணியைக் காணாத நம்மவர் வீடுகளுக்கும் அதன் ரோமம் வந்து சேர்ந்திருக்கலாம்.

வாசலும் முற்றமும்

வளைக்கரடியின் வளையை ஆங்கிலேயர் 'செட்' என்று தனிப்பெயர் சொல்லி அழைக்கிறார்கள். காட்டில் எத்தனையோ ஓட்டைகள் இருக்கும். அவற்றில் எது இதனுடையது என்று கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் வாசலின் வடிவத்தைப் பாருங்கள். உயரத்தைவிட அகலம் கூடியதாக, அடிப்பக்கம் தட்டையாக, மேற்பக்கம் வளைவாக இருக்கும். அரைவட்டத்தைக் கவிழ்த்து வைத்தது போன்ற தோற்றம். அந்தக் குட்டையான, பரந்த உடம்புக்கு அளவெடுத்துச் செய்த வாசல். முயலின் ஓட்டை இதைவிட மிகச் சிறியது. நரியின் ஓட்டை ஒடுங்கி உயர்ந்திருக்கும்.

அடுத்து முற்றம். வாசலுக்கு முன்னால் பெரியதொரு மண்மேடு குவிந்திருக்கும். உள்ளேயிருந்து பரம்பரை பரம்பரையாகத் தோண்டி வெளியே தள்ளிய மண் அது. அந்த மண்ணைக் கிளறினால் காய்ந்த புல்லும் சருகும் கலந்திருப்பதைக் காணலாம். அவை பழைய படுக்கையின் மிச்சங்கள். அருகிலுள்ள மரமொன்றின் அடிப்பட்டையில் நகக்கீறல்கள் தெரியும். சுற்றிவர எல்டர் மரங்களும் காஞ்சொறிச் செடிகளும் செழித்திருக்கும். எல்டர் பழங்களை வளைக்கரடி விரும்பித் தின்னும். விதைகள் அதன் எச்சத்தோடு விழுந்து அங்கேயே முளைக்கும். அது வெட்டிப் போட்ட மண்ணே அதற்குத் தோட்டமாகிவிடுகிறது.

வாசலிலிருந்து புறப்படும் ஒற்றையடிப் பாதைகளையும் கவனியுங்கள். நூலிழுத்தாற்போல் புற்றரைக்கும் வேலிக்கும் போகும். முள்ளுக்கம்பி வேலியின் கீழ்க்கம்பியில் இரண்டொரு நரைத்த ரோமங்கள் சிக்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம். பாட்டன் நடந்த தடத்திலேயே பேரனும் நடக்கிறான். இடையில் ஒரு நெடுஞ்சாலை வந்துவிட்டாலும் தடத்தை மாற்றுவதில்லை. அதனால் பிரித்தானியாவின் வீதிகளில் ஆண்டுதோறும் 50,000 வரை வாகனங்களில் அடிபட்டு இறப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். சில நெடுஞ்சாலைகளின் கீழே இவற்றுக்கென்றே குழாய்ப் பாதைகள் அமைத்து, வீதியோரம் வேலியும் போட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்குள் மலசலம் கழித்து அசுத்தம் செய்வது இவற்றின் வழக்கமல்ல. வளைக்கு வெளியே, பெரும்பாலும் தமது எல்லையோரமாகச் சிறு குழிகள் தோண்டி அவற்றையே கழிப்பிடமாகப் பயன்படுத்துகின்றன. சுத்தத்தோடு இன்னொரு காரியமும் அதனால் நடக்கிறது. 'இதுவரை எங்கள் காணி' என்று அடுத்த குடும்பத்துக்கு அறிவிக்கும் எல்லைக்கல்லாகவும் அந்தக் குழிகள் அமைகின்றன.

உள்ளே எத்தனை அறைகள்?

சிறிய வளை ஒன்றில் ஓரிரு வாசல்களும் ஒரு சுரங்கமும்தான் இருக்கும். குடும்பத்தின் மூலவீடு அப்படியல்ல. வாசல்கள் பல, சுரங்கங்கள் கிளைவிட்டு, ஒன்றோடொன்று இணைந்து, மேல்தளம் கீழ்த்தளம் என்று அடுக்கடுக்காகவும் செல்லும். அறியப்பட்டவற்றுள் மிகப் பெரிய ஒரு வளையில் 178 வாசல்களும் 50 அறைகளும் இருந்தன. சுரங்கங்களின் மொத்த நீளம் 879 மீற்றர் என்று கணக்கிட்டார்கள். ஒரு கிலோ மீற்றருக்குச் சற்றுக் குறைவு! இதை ஒரு பிராணி ஒரு காலத்தில் தோண்டவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தன் பங்குக்கு ஓர் அறையைச் சேர்த்தது. விழுந்த கூரையைத் திருத்தியது. அடைபட்ட வழியைத் திறந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து குடியிருக்கும் வளைகள் உண்டு. காட்டில் வாழும் வளைக்கரடி அதிகம் போனால் 14 வயது வரை வாழும்; பெரும்பாலானவை அதில் பாதியைக்கூடக் காண்பதில்லை. அப்படியென்றால் எத்தனை தலைமுறை அந்த ஒரே வாசலால் போய் வந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இடத்தைத் தெரிவு செய்வதிலும் அவற்றுக்கு நல்ல கவனம் உண்டு. தண்ணீர் வடிந்தோடும் சரிவு வேண்டும். தோண்ட இலகுவாகவும், அதே வேளை இடிந்து விழாததாகவும் மண் இருக்க வேண்டும். வைட்டம் குன்றின் உச்சியில் சுண்ணாம்புக் கல். அடிவாரத்தில் கெட்டிக் களிமண். இரண்டுக்கும் இடையில் மணல் படை. வளைகளில் பெரும்பாலானவை அந்த மணல் படையை ஒட்டியே காணப்படுகின்றன. வீடு கட்ட நிலம் பார்க்கும் நமது அனுபவசாலியான மேசன் சொல்லும் ஆலோசனையும் கிட்டத்தட்ட இதுவாகத்தான் இருக்கும்.

பிறகு படுக்கை. காய்ந்த புல், பன்னம், உதிர்ந்த இலை, வசந்தத்தில் புளூபெல் செடியின் இலைகள் ஆகியவற்றைச் சேர்த்து, தாடைக்கும் முன்னங்கால்களுக்கும் இடையில் ஒரு கட்டாக அணைத்துக்கொண்டு, பின்புறமாகவே தத்தித் தத்தி வீட்டை நோக்கி வரும். வாசலிலும் பின்புறமாகவே நுழையும். வழியில் சிந்தியதைத் திரும்பி வந்து பொறுக்குவதும் உண்டு. ஓரிரவில் இப்படிப் பல நடை நடக்கும்.

குளிர்காலத்தில் வெயில் எறிக்கும் காலை வேளைகளில் சில வளைக்கரடிகள் படுக்கைப் புல்லை வெளியே கொண்டுவந்து வாசலருகில் பரப்பி வைக்கும். ஈரம் காய்ந்ததும் மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும். மழை விட்டதும் தலையணையையும் மெத்தையையும் முற்றத்தில் காயப்போடும் நமது உம்மாமார்களை நினைவூட்டும் காட்சி இது. தெள்ளும் உண்ணியும் பெருகிவிட்டால் பழைய படுக்கையை வெளியே தள்ளிவிடும். அறை மாறியும் படுக்கும். அறைகள் பல இருப்பதன் பயன் அங்கேதான் தெரிகிறது.

குடும்பமும் குட்டிகளும்

ஒரு மூலவீட்டில் சராசரியாக ஐந்தாறு வளைக்கரடிகள் சேர்ந்து வாழ்கின்றன. உணவு நிறைந்த இடங்களில் இருபதுக்கு மேலும் உண்டு. வாலின் அடியிலுள்ள ஒரு சுரப்பியின் வாசனையை ஒன்றன்மேல் ஒன்று தேய்த்துப் பூசிக்கொள்கின்றன. இதனால் எல்லாவற்றுக்கும் பொதுவான குடும்ப வாசனை ஒன்று உண்டாகிறது. இருட்டில் எதிர்ப்படுவது நம்மவரா அயலவரா என்று அந்த வாசனையே சொல்லிவிடும்.

குட்டிகள் பெப்ரவரி மாத அளவில் பிறக்கின்றன. வெளியே உறைபனி, உள்ளே புல்மெத்தையின் கதகதப்பு. இணை சேர்வது ஆண்டின் எந்தக் காலத்தில் நடந்தாலும், கரு வளரத் தொடங்காமல் காத்திருக்கும். டிசம்பர் அளவில்தான் அது வளரும். குட்டிகள் வெளியே வரும் வேளையில் வசந்தம் பிறந்து மண்புழு நிறைந்திருக்க வேண்டும் அல்லவா? அதற்கான ஏற்பாடு இது. பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று குட்டிகள். கண் திறக்காதவை. ஏறத்தாழ எட்டு வாரங்கள் அவற்றுக்கு உலகமென்றால் அந்த ஓர் அறைதான். ஏப்ரலில் தாயின் பின்னால் வாசலுக்கு வந்து முதன்முதலாக நிலவைக் காண்கின்றன.

அந்த நாட்களில் வாசலருகே காத்திருந்து பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். குட்டிகள் ஒன்றையொன்று துரத்தும், மண்மேட்டில் உருளும், விழுந்த மரத்தில் ஏறி யார் தலைவன் என்று தள்ளிப் பார்க்கும். ஆயினும் பிறப்பவற்றுள் ஏறத்தாழ பாதி முதலாவது ஆண்டைத் தாண்டுவதில்லை. மழை பொய்த்து மண்புழு ஆழத்துக்குப் போய்விடும் கோடையில் இழப்பு இன்னும் கூடும்.

மண்புழுதான் முக்கிய உணவு. ஈரமான, காற்றடங்கிய இரவுகளில் புழுக்கள் புற்றரையின் மேலே வரும். ஒரு நல்ல இரவில் ஒரு வளைக்கரடி இருநூறு புழுக்கள் வரை தின்றுவிடும். பழம், தானியம், வண்டு, குளவிக்கூடு ஆகியவற்றையும் விடுவதில்லை. கடுங்குளிர் நாட்களில் வெளியே அதிகம் வராமல் சேமித்த கொழுப்பில் காலத்தைக் கழிக்கும். ஆனால் மாதக்கணக்காக ஒரே தூக்கமாகத் தூங்குவதில்லை.

இவ்வளவு பெரிய வீட்டில் அயலவருக்கும் இடமுண்டு. ஒரு பக்கத்து அறைகளில் நரி குட்டி போடுவதும், சிறிய ஓட்டைகளில் முயல்கள் குடியிருப்பதும் சாதாரணமாகக் காணக்கூடியது. நிரந்தர நட்பு என்று சொல்வதற்கில்லை. இளம் முயல் வாய்க்கு எட்டினால் வளைக்கரடி விடாது. ஆனாலும் கூரை ஒன்றுதான்.

நிறமணிகள் சொன்ன கதை

இரவில் நடமாடி, பகலில் மண்ணுக்குள் உறங்கும் பிராணியின் குடும்ப விவகாரங்களை மனிதர் எப்படி அறிந்தார்கள்? 1970களில் ஹான்ஸ் குரூக் என்ற விலங்கியலாளர் இந்த வைட்டம் காட்டுக்கு வந்தார். நெதர்லாந்தில் பிறந்தவர், ஆபிரிக்காவின் செரெங்கெற்றியில் கழுதைப்புலிகளை ஆராய்ந்து பெயர் பெற்றவர். அவர் கையாண்ட முறை எளிமையானது. நிலக்கடலையைச் சர்க்கரைப்பாகுடன் கலந்து, அதில் மிகச் சிறிய பிளாஸ்டிக் துண்டுகளைச் சேர்த்தார். ஒவ்வொரு வளைக்கும் ஒவ்வொரு நிறம். வாசலில் வைத்த கடலை காலையில் காணாமல் போயிருக்கும். சில நாட்களின் பின்னர் காடெங்குமுள்ள கழிப்பிடக் குழிகளை அவர் சோதித்தார். எந்தக் குழியில் எந்த நிறம் கிடக்கிறது என்று வரைபடத்தில் குறித்தபோது ஒவ்வொரு குடும்பத்தின் காணி எல்லையும் தெளிவாகத் தெரிந்தது.

1987 முதல் அக்காட்டிலுள்ள வளைக்கரடிகளை ஆண்டுக்குச் சில தடவைகள் கூண்டில் பிடித்து, எடையும் உடல்நலமும் பார்த்து, தொடையின் உட்புறத்தில் இலக்கமொன்றைப் பச்சைகுத்தி, பிடித்த வளையிலேயே திருப்பி விடுகிறார்கள். பிறந்த நாள் முதல் மறையும் நாள் வரை பல குடும்பங்களின் வரலாறு இதனால் பதிவாகியிருக்கிறது.

வீட்டை உடைத்த மனிதன்

இப்படிப்பட்ட வீட்டை மனிதன் சும்மா விட்டானா? வளைக்குள் நாயை இறக்கி, மேலிருந்து தோண்டி, வளைக்கரடியைப் பிடித்து, வெளியே கொண்டுவந்து பல நாய்களுடன் சண்டைக்கு விட்டுப் பந்தயம் கட்டுவது ஒரு காலத்தில் அங்கு விளையாட்டாக இருந்தது. நீண்ட உடலும் குட்டைக் கால்களுமுள்ள 'டக்ஷுண்ட்' நாயைக் கண்டிருப்பீர்கள். ஜேர்மன் மொழியில் 'டக்ஸ்' என்றால் வளைக்கரடி. அந்த நாயினம் இவ்வேலைக்காகவே வளர்க்கப்பட்டது. நாய்ச்சண்டைப் பந்தயத்தைப் பிரித்தானியச் சட்டம் 1835இல் தடை செய்தது. ஆனாலும் களவாக நடப்பது நிற்கவில்லை. 1973இல் வளைக்கரடியைப் பாதுகாக்கத் தனிச்சட்டம் வந்தது. பின்னர் வந்த 1992ஆம் ஆண்டுச் சட்டம் பிராணியை மட்டுமல்ல, அதன் வீட்டையும் பாதுகாக்கிறது. வளையை உடைப்பதும், வாசலை அடைப்பதும், உள்ளே நாயை விடுவதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள்.

வீதியோ வீடமைப்புத் திட்டமோ குறுக்கே வந்தால் என்ன செய்வது? அனுமதிப் பத்திரம் எடுக்க வேண்டும். வாசல்களில் வெளிப்புறமாக மட்டும் திறக்கும் கதவுகளைப் பொருத்துவார்கள். வெளியே வந்த பிராணி மீண்டும் உள்ளே போக முடியாது. குறைந்தது 21 நாட்கள் அவதானித்து, உள்ளே எதுவும் இல்லையென்று உறுதி செய்த பின்னரே வளையை மூடலாம். இங்கிலாந்தில் இந்த வேலைக்குச் சாதாரணமாக அனுமதி கிடைப்பது ஜூலை முதல் நவம்பர் வரை மாத்திரம். மற்ற மாதங்களில் உள்ளே கர்ப்பிணித் தாயோ பால்குடிக் குட்டியோ இருக்கலாம் என்பதே காரணம். மூலவீட்டை மூடுவதென்றால் குழாய்களும் அறைகளும் வைத்து மாற்று வீடொன்றைக் கட்டிக் கொடுப்பதும் உண்டு.

அயல்நாடான நெதர்லாந்தில் 2023 மார்ச்சில் நடந்ததையும் கேளுங்கள். டென் பொஸ் நகருக்கும் ஐந்தோவன் நகருக்கும் இடையில் எஸ்க் என்ற ஊரருகே, ரயில் பாதையின் அடியில் வளைக்கரடிகள் வளை தோண்டியிருந்தன. தண்டவாளம் இறங்கிவிடும் அபாயம் இருந்ததால் ரயில் சேவையே நிறுத்தப்பட்டது. நாட்டின் முக்கியமான பாதைகளில் ஒன்று அது. அங்கும் மாற்று வீடு அமைத்துத்தான் குடும்பத்தை நகர்த்த வேண்டியிருந்தது.

மாட்டுத் தொழுவத்தில் ஒரு கண்ணீர்

இதுவரை வாசித்தவர்கள், 'எல்லாம் சரி, விவசாயியின் பக்கமும் ஒன்று இருக்குமே' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

மாடுகளுக்கும் காசநோய் உண்டு. அந்தக் கிருமி காய்ச்சாத பால் மூலமாக மனிதருக்கும் வரக்கூடியது. பாலைக் கொதிக்க வைத்தே பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் உள்ள காரணங்களுள் இதுவும் ஒன்று. பிரித்தானியாவில் மாடுகளை ஒழுங்காகப் பரிசோதிக்கிறார்கள். நோய்க்குறி தெரிந்தால் மாட்டைக் கொன்றுவிட வேண்டும். அண்மைக் காலங்களில் ஆண்டுதோறும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் இவ்வாறு கொல்லப்படுகின்றன. நஷ்டஈடு கிடைக்கும். ஆனால் கன்றாக இருந்தபோதே பெயர் வைத்து வளர்த்த பசுவை லொறியில் ஏற்றிவிட்டு, வெறும் தொழுவத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் குடும்பத்துக்குப் பணம் ஆறுதலாகுமா?

1971இல் குளொஸ்டர்ஷயர் பிரதேசத்துப் பண்ணை ஒன்றில் இறந்து கிடந்த வளைக்கரடியில் அதே நோய்க்கிருமி கண்டறியப்பட்டது. அன்று தொடங்கியது வழக்கு. 1975 முதல் வளைகளின் வாசல்களை அடைத்து உள்ளே சயனைட் வாயுவைச் செலுத்தினார்கள். அந்த வாயுவால் அவை உடனே இறப்பதில்லை, வேதனைப்பட்டே இறக்கின்றன என்று பரிசோதனையில் தெரிந்ததும் 1982இல் அது கைவிடப்பட்டது. பின்னர் கூண்டில் பிடித்துச் சுட்டார்கள். நோய் நின்றபாடில்லை.

கடைசியில் அரசு ஒரு பெரிய பரிசோதனையை நடத்தியது. 1998 முதல் 2005 வரை, ஒவ்வொன்றும் 100 சதுர கிலோ மீற்றர் கொண்ட 30 பிரதேசங்கள் அதற்காக ஒதுக்கப்பட்டன. சிலவற்றில் வளைக்கரடிகளை இயன்றளவு ஒழித்தார்கள். சிலவற்றில் நோய் கண்ட பண்ணைகளைச் சுற்றி மட்டும் கொன்றார்கள். சிலவற்றில் ஒன்றும் செய்யாமல் விட்டார்கள். ஏறத்தாழ 11,000 பிராணிகள் கொல்லப்பட்டன.

2007இல் வெளியான முடிவு பலரையும் திகைக்க வைத்தது. முழுமையாக ஒழிக்க முயன்ற பிரதேசங்களின் உள்ளே மாடுகளின் நோய் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஆனால் அந்த எல்லைக்கு வெளியே, இரண்டு கிலோ மீற்றர் தூரம் வரையிலான பண்ணைகளில் நோய் கிட்டத்தட்ட அதே அளவு கூடியிருந்தது! பண்ணையைச் சுற்றி மட்டும் கொன்ற இடங்களிலும் நோய் கூடியதனால் அந்தப் பகுதியை 2003ஆம் ஆண்டிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

ஏன் இப்படி? இங்குதான் வீட்டின் கதைக்கு மீண்டும் வருகிறோம். குடும்பம் கலையாமல் இருக்கும்போது ஒவ்வொரு கூட்டமும் தன் எல்லைக்குள் இருக்கிறது. எல்லைக் குழிகளின் வாசனையே அயலவரைத் தடுத்து விடுகிறது. நோய் இருந்தாலும் அது பெரும்பாலும் அந்த வளைக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. பாதிப் பேரைக் கொன்றுவிட்டால் வேலி காக்க ஆளில்லை. எஞ்சியவை திசை தெரியாமல் அலைகின்றன. காலியான காணிக்குள் அயலிலுள்ளவை நுழைகின்றன. ஒன்றையொன்று அறியாதவை சந்திக்கின்றன, கடித்துச் சண்டையிடுகின்றன. ஒரு வளைக்குள் இருந்த நோய் பத்து வளைகளுக்கும் பல பண்ணைகளுக்கும் நடக்கத் தொடங்குகிறது. மாட்டிலிருந்து மாட்டுக்கு நோய் பரவுவதைக் கட்டுப்படுத்துவதே முக்கியம் என்றும், கொலையால் குறிப்பிடத்தக்க பயனில்லை என்றும் ஆய்வுக் குழு அறிக்கை எழுதியது.

அத்துடன் விவகாரம் முடியவில்லை. விவசாயிகளின் கவலையும் குறையவில்லை. 2013இல் சமர்செட், குளொஸ்டர்ஷயர் ஆகிய இரு பிரதேசங்களில் புதிய முறையில் சுடுவதற்கு அனுமதி வழங்கப்பட்டு, அது பின்னர் பல மாவட்டங்களுக்கு விரிந்தது. இதுவரை 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட வளைக்கரடிகள் கொல்லப்பட்டுள்ளன. இதனால் நோய் குறைந்தது என்று ஒரு சாராரும், மாடுகளைக் கூடுதலாகப் பரிசோதித்ததனாலேயே குறைந்தது என்று மறு சாராரும் வாதிடுகிறார்கள். நடப்புப் பாராளுமன்றத்தின் காலம் முடிவதற்குள் கொலையை நிறுத்துவதாக 2024 ஆகஸ்டில் அரசு அறிவித்தது.

மாற்று வழியும் ஒன்று உண்டு. வளைக்கரடிகளுக்கான தடுப்பூசிக்கு 2010இல் அனுமதி கிடைத்தது. அது என்ன ஊசி தெரியுமா? பி.சி.ஜி.! நம் பிள்ளைகள் பிறந்ததும் ஆஸ்பத்திரியில் இடது தோளில் போடுகிறார்களே, அதுவேதான். இரவில் நிலக்கடலை வைத்த கூண்டில் பிடித்து, அதிகாலையில் ஊசி போட்டு, ரோமத்தில் அடையாளமிட்டு, அதே வாசலில் விட்டுவிடுகிறார்கள். வீடு கலையாது, எல்லை கலையாது. செலவும் உழைப்பும் அதிகம். ஏற்கனவே நோயுற்றதை இந்த ஊசி குணப்படுத்தாது. ஆனாலும் வாசலை உடைக்காமல் நோயைத் தடுக்க முயலும் வழி இது. விவசாயிகள் சிலரே முன்வந்து தமது காணிகளில் இதைச் செய்விக்கிறார்கள்.

மீண்டும் அந்தச் சரிவில்

நேரம் பத்து மணியைத் தாண்டிவிட்டது. வைட்டம் காட்டில் இப்போதுதான் உண்மையாக இருட்டுகிறது. நீங்கள் இன்னும் அந்த மரத்தடியில் அசையாமல் இருக்கிறீர்கள். முதலில் வந்த முகத்தின் பின்னால் இரண்டாவது, மூன்றாவது முகங்கள். ஒன்று உட்கார்ந்து வயிற்றைச் சொறிகிறது. ஒரு குட்டி மண்மேட்டில் வழுக்கி விழுந்து எழுகிறது. தாய் பாதையில் இறங்கிப் புற்றரையை நோக்கி நடக்க, மற்றவை ஒவ்வொன்றாக இருளில் கரைகின்றன.

மெல்ல எழுந்து, வந்த வழியே இறங்குங்கள். வாசலுக்கு மிக அருகில் போக வேண்டாம். மண்மேட்டை மிதிக்கவும் வேண்டாம். உள்ளே இன்னும் யாராவது இருக்கலாம். நம் வீட்டு வாசலில் அறியாதவர் நடந்தால் நாமும் விழித்துக்கொள்வோம் அல்லவா?

இனி ஒரு பிராணியால் நமக்குத் தொல்லை என்று கேள்விப்படும்போது, அதன் வீட்டை உடைப்பதற்கு முன் அது எப்படி வாழ்கிறது என்று ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள். பதினோராயிரம் உயிர்களைக் கொடுத்துப் பிரித்தானியா படித்த பாடம் அது. விசாரிப்பதற்கு அவ்வளவு செலவாகாது.